பட்ட கொம்பில் மூன்று குஞ்சுகள்: புதூர் முருங்கை மரத்துக் குக்குறுவான் கூடு குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

கொம்பை வெட்டச் சொன்னது நான்தான். முதலிலேயே இதை எழுதிவைத்துவிடுகிறேன். பின்னால் வரும் எதற்கும் வேறு யார் மீதும் பழி போட இடமில்லை.

மதுரை புதூரில், அழகர்கோவில் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் எங்கள் வீடு. முன்வாசலை ஒட்டி ஒரு நாட்டு முருங்கை நிற்கிறது. தெருப் பக்கம் நீண்டிருந்த அதன் கொம்பு ஒன்று முந்தைய ஆண்டே பட்டுப்போய், பட்டை உரிந்து வெளுத்துக் கிடந்தது. அதற்கு நேர் கீழேதான் மகன் ஸ்கூட்டரை நிறுத்துவான். சித்திரைத் திருவிழாவுக்கு உறவுக்கூட்டம் வந்து இறங்கும், யார் தலையிலாவது விழுந்து வைத்தால் என்ன செய்வது என்று வீட்டில் ஒரு மாதமாக நச்சரிப்பு. பங்குனி நடுவில் ஒரு காலையில் மரம் வெட்டுகிறவரை வரச் சொன்னேன்.

"முருங்கையை ஒடித்து வளர்க்க வேண்டும் சார்" என்றபடியே ஏறினார். மூன்றாவது வெட்டில் கொம்பு முறிந்து, மதில்மேல் ஒரு தட்டுத் தட்டிக்கொண்டு மண்ணில் விழுந்தது. விழுந்த சத்தம் அடங்கிய பிறகும் ஒரு சத்தம் கேட்டது. சல்லடையில் மணல் சலிப்பது போன்ற சன்னமான கரகரப்பு. ஏணியிலிருந்து இறங்கியவர் கொம்பின்மேல் காதை வைத்துவிட்டு, "உள்ளே உயிர் இருக்கிறது சார்" என்றார்.

நேரம் காலை 8.40.

முன்பே தெரிந்திருக்க வேண்டியவை

முப்பத்தோரு ஆண்டுகள் பள்ளியில் விலங்கியல் நடத்தியவன் நான். மரங்கொத்தியும் குக்குறுவானும் ஒரே வரிசையைச் சேர்ந்த பறவைகள் என்று கரும்பலகையில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். தை மாதத்திலிருந்தே எங்கள் சந்தில் 'டுக், டுக், டுக்' என்று ஒரே சீராக ஒரு குரல் கேட்டுக்கொண்டிருந்தது. மாசியில் ஒருநாள், முருங்கைக்கு அடியில் தினமும் மரத்தூள் விழுந்து கிடக்கிறது, பெருக்கி மாளவில்லை என்று என் மனைவி சொன்னாள். "வண்டு துளைக்கிறது" என்று சொல்லிவிட்டுப் பேப்பரைப் புரட்டினேன்.

வண்டு துளைத்தால் மாவு போல உதிரும். விழுந்து கிடந்தவை அரிசி நீளச் சிராய்கள். அதைக் குனிந்து பார்க்கவும் இல்லை, நிமிர்ந்து கொம்பைப் பார்க்கவும் இல்லை. ஓட்டை கொம்பின் அடிப்பக்கம் தரையைப் பார்த்து இருந்தது. மழை உள்ளே இறங்காமல் இருக்க இந்தப் பறவை பெரும்பாலும் அப்படித்தான் துளைக்கும். நின்று நிமிர்ந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்கும். ஸ்கூட்டரை எடுக்கிறவன் எங்கே நிமிர்கிறான்?

நல்ல எலுமிச்சம்பழம் ஒன்று நுழைகிற அளவு வட்டம். வட்டமென்றால் காம்பஸ் வைத்து வரைந்தது போல. உள்ளே ஒரு சாண் ஆழம். புல் இல்லை, பஞ்சு இல்லை, வெறும் மரம்; அடியில் கொஞ்சம் சிராய். விழுந்த வேகத்தில் ஓட்டையிலிருந்து வெட்டுமுனை வரை விரல் நுழையும் அகலத்துக்குக் கொம்பு பிளந்திருந்தது. அந்தப் பிளவு வழியாகத்தான் குஞ்சுகளைப் பார்த்தேன். மூன்று இருந்தன. கண் சரியாகத் திறக்கவில்லை. சிறகு வரவேண்டிய இடத்தில் கருநீலமாக முள் முள்ளாகக் குருத்து. பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும் என்று கணித்தேன். கணுக்காலில் சிறு பருக்களோடு தடித்த தோல். மெத்தையில்லாத மரத்தரையில் தேய்ந்து புண்ணாகாமல் இருக்க இந்த இனத்துக் குஞ்சுகளுக்கு வாய்த்த செருப்பு அது. மரங்கொத்திக் குஞ்சுக்கும் உண்டு.

சுண்டுவிரலை உள்ளே நீட்டினேன். ஒன்று பற்றியது. இரண்டு விரல் முன்னால், இரண்டு விரல் பின்னால், அந்த வயதிலேயே நல்ல பிடி. அடுத்ததும் பற்றியது. மூன்றாவது பற்றவில்லை. பயந்துபோயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

எந்தப் பறவை

செம்மார்புக் குக்குறுவான். சிட்டுக்குருவியைவிடச் சற்றே பெரியது, தடித்த உடம்பு, குட்டை வால். முதுகு இலைப்பச்சை, நெற்றியிலும் மார்பிலும் அப்பியது போலச் சிவப்பு, தொண்டையிலும் கண்ணைச் சுற்றியும் மஞ்சள், அலகைச் சுற்றி மீசைமயிர். பார்த்தால் யாரோ வேண்டுமென்றே வண்ணம் பூசிவிட்டது போல இருக்கும். ஆனால் அரசமர உச்சியில் உட்கார்ந்துவிட்டால் பத்து நிமிடம் தேடினாலும் கிடைக்காது. ஜெர்மானிய விலங்கியலாளர் ஸ்டேட்டியஸ் முல்லர் 1776-இல் இதற்கு அறிவியல் பெயர் வைத்தபோது 'ரத்தத் தலை' என்று பொருள் வரும்படி வைத்தார். குரலை வைத்து ஆங்கிலேயர்கள் செம்பு தட்டும் கன்னாரின் பெயரை இதற்குக் கொடுத்தார்கள். அது பொருத்தம்தான், பாத்திரப் பட்டறையில் சிறு சுத்தியல் விழும் அதே தாளம். நிமிடத்துக்கு நூறு தட்டுக்கு மேல் போகும். கூவும்போது வாயைத் திறப்பதில்லை. தொண்டை உப்பி உப்பி அடங்கும், தலையை இடமும் வலமும் திருப்பிக்கொண்டே இருக்கும். அதனால்தான் குரல் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று நமக்குப் பிடிபடுவதில்லை.

ஆசியக் குக்குறுவான் குடும்பத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. பெரும்பாலானவை வெப்பமண்டலக் காடுகளில் பழம் தின்று வாழ்பவை. முன்பு ஆசியா, ஆப்பிரிக்கா, அமெரிக்கா மூன்று கண்டத்துக் குக்குறுவான்களையும் ஒரே குடும்பத்தில் போட்டு வைத்திருந்தார்கள். பிறகு மரபணுவைப் பார்த்தபோது அமெரிக்கக் குக்குறுவான்கள் நம்மூர் இனங்களைவிட, பெரிய அலகுள்ள அமெரிக்கப் பறவைகளான டூக்கான்களுக்கே நெருக்கம் என்று தெரிந்து, கண்டத்துக்கொன்றாகப் பிரித்துவிட்டார்கள். என் பழைய பாடக்குறிப்புகள் எல்லாம் அதோடு செல்லாக்காசு.

சிறுமலைக்கோ கொடைக்கானல் சரிவுக்கோ போனால் இதன் பெரிய உறவுக்காரன் வெண்கன்னக் குக்குறுவானின் 'குட்ரூ, குட்ரூ' காட்டை நிறைத்திருக்கும். அது மரச்செறிவைவிட்டு அதிகம் வெளியே வராது. நம் செம்மார்பு மட்டும் நகரத்துக்குள் இறங்கிவிட்ட பிள்ளை. அதற்கு இரண்டே தேவை: பழுக்கிற ஆலோ அரசோ அத்தியோ ஒன்று, துளைக்கத் தோதான மெத்தென்ற பட்ட கொம்பு ஒன்று. முதலாவதைக் கோவில் புண்ணியத்தில் மதுரை கொஞ்சம் காப்பாற்றி வைத்திருக்கிறது. இரண்டாவதைக் கண்டால் எங்களைப் போன்றவர்களுக்குக் கை அரிக்கிறது.

மதுரைக்குப் பக்கத்தில் குன்றுகள் சூழ்ந்த அரிட்டாபட்டியை 2022-இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்த பிறகு அங்கே போகிறவர்கள் வல்லூறைத் தேடிக் குன்றின் உச்சியையே அண்ணாந்து பார்க்கிறார்கள். நானும் அப்படிப் பார்த்துக் கழுத்து வலியோடு திரும்பியவன்தான். வீட்டு வாசலில் பதினாலடி உயரத்தில் இருந்ததைப் பார்க்க அவ்வளவு நிமிரவும் தேவையில்லை.

கூடிய கூட்டமும் கிடைத்த யோசனைகளும்

பத்து நிமிடத்தில் சந்து முழுவதும் வாசலில் இருந்தது. எதிர்வீட்டு அப்பத்தா டம்ளரில் பாலும் ஒரு பஞ்சுத் திரியும் கொண்டுவந்தார். ஒருவர் பிஸ்கட்டை ஊறவைக்கச் சொன்னார். பேத்தி அட்டைப்பெட்டியோடு வந்து, "தாத்தா, நாமே வளர்ப்போம்" என்றாள். காட்டுப் பறவையை எடுத்து வளர்ப்பதை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அனுமதிக்காது என்று எட்டு வயதுப் பிள்ளையிடம் சொல்வது எளிதல்ல. சொன்னேன். பெட்டியைக் கீழே வைக்கவில்லை.

பால் விஷயத்தில் மட்டும் கறாராக இருந்தேன். குஞ்சின் நாக்குக்குப் பின்னாலேயே மூச்சுக்குழாயின் வாய் திறந்திருக்கிறது. வாயைத் திறக்கிறதே என்று சொட்டுச் சொட்டாக எதை விட்டாலும் அது நுரையீரலுக்குப் போக வாய்ப்பு அதிகம். வாயில் தண்ணீர் ஊற்றியே சாகடிக்கப்பட்ட குஞ்சுகளை நான் பள்ளியில் நிறையப் பார்த்திருக்கிறேன். எல்லாம் அன்பால் நடந்த கொலைகள்.

"கை பட்டுவிட்டது, இனிமேல் தாய் சேர்க்காது தம்பி" என்றார் அப்பத்தா. ஊரே நம்புகிற விஷயம் இது. உண்மை இல்லை. மனித வாடை பட்டதற்காகக் குஞ்சைத் தள்ளுகிற வழக்கம் இந்தப் பறவைகளுக்குக் கிடையாது. நாம் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தால் அவை வராமல் போகும். அதைத்தான் ஊர் கைபட்ட குற்றமாக மாற்றிச் சொல்கிறது.

ஆக, கூட்டை மரத்துக்கே திருப்பிக் கொடுப்பது என்று முடிவானது. மூன்றடி நீளத்துக்குக் கூடு இருந்த துண்டை மட்டும் அறுத்து எடுத்தோம். தெருமுனைப் பஞ்சர் கடையில் பழைய சைக்கிள் டியூப் வாங்கி, நீளவாக்கில் கிழித்து, பிளவை இறுக்கிச் சுற்றினோம். ஓட்டையின் வாயைவிட்டு நாலு விரல் தள்ளிச் சுற்ற வேண்டும் என்று மரம் வெட்டுகிறவர்தான் சொன்னார். எறும்பு ஏற ஆரம்பித்திருந்தது. பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டிவிட்டோம்.

முதல் முயற்சியும் அதன் தோல்வியும்

இந்த ஆய்வில் மற்றவர்களுக்குப் பயன்படக்கூடிய பகுதி இதுதான்.

துண்டை எங்கே கட்டுவது? நான் மனிதனாக யோசித்தேன். திண்ணைப் பக்கத்துக் கவட்டை, ஏழடி உயரம், நிழல், காற்றடிக்காது, பூனை ஏறினால் நம் கண்ணில் படும். 9.30-க்குக் கட்டிவிட்டு எல்லோரையும் உள்ளே அனுப்பினேன். ஜன்னல் கம்பிக்குப் பின்னால் நானும் பேத்தியும்.

9.50-க்கு ஒரு பறவை வந்தது. ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாது, இரண்டும் ஒரே தோற்றம். அலகில் ஏதோ பூச்சி. நேராகப் பழைய கொம்பு இருந்த இடத்துக்குப் பறந்து, ஓட்டை இருந்திருக்க வேண்டிய உயரத்தில் ஒன்றுமில்லாத காற்றில் ஒரு கணம் படபடத்தது. பிறகு வெட்டுப்பட்ட அடிமுண்டில் உட்கார்ந்தது. மறுபடி பறந்து அதே இடத்தில் படபடப்பு. வீடு இடிந்தது தெரியாமல் பழைய கதவு எண்ணைத் தேடும் தபால்காரர் மாதிரி. ஏழடிக்குக் கீழே குஞ்சுகள் கரகரவென்று கூப்பிடுகின்றன, எனக்கே கேட்கிறது. அது தலையைச் சாய்த்துக் கேட்டது, ஆனால் இறங்கவில்லை. கடைசியில் மின்கம்பியில் போய் உட்கார்ந்து, அலகில் வைத்திருந்த பூச்சியைத் தானே விழுங்கிவிட்டது.

"தாத்தா, அது தின்றுவிட்டது" என்றாள் பேத்தி. குரல் உடைந்திருந்தது.

பதினொரு மணிவரை இரண்டும் மாறி மாறி ஆறு முறை வந்தன. ஆறு முறையும் அதே வெற்றிடம். அவற்றின் நினைவில் இருந்தது இடம்தான், மரத்துண்டு அல்ல. இத்தனை உயரம், தெருவுக்கு இந்தப் பக்கம், இந்தச் சாய்வு என்று. நான் கொடுத்தது நல்ல நிழலான, பத்திரமான, தவறான முகவரி.

மரம் வெட்டுகிறவரைத் திரும்ப அழைத்தேன். சாப்பிடப் போயிருந்தவர் பாதியில் எழுந்து வந்தார். அடிமுண்டில் ஒரு முழம் மிச்சம் இருந்தது. அதோடு துண்டை ஒட்டவைத்து, இரண்டு பக்கமும் மூங்கில் கழி கொடுத்து, தேங்காய் நார்க்கயிற்றால் புத்தூர்க் கட்டு போடுவது போலக் கட்டினார். எந்தப் பக்கம் மேல், எந்தப் பக்கம் கீழ் என்பதில் எங்களுக்குள் சண்டை. அவரே தீர்த்தார்: வெயிலில் வெளுத்த பக்கம் மேல், கறுத்த பக்கம் கீழ். அப்படி வைத்ததும் ஓட்டை பழையபடி தரையைப் பார்த்தது. கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்த அப்பத்தா, "வேதாளம் மறுபடியும் முருங்கை மரம் ஏறிவிட்டது" என்றார். அன்று சிரித்தது அப்போதுதான்.

11.20-க்கு ஏணியை எடுத்தோம். 11.45-க்குப் பறவை வந்தது. காற்றில் படபடக்கவில்லை. நேராக ஓட்டையின் விளிம்பைப் பற்றித் தொங்கியது, தலையை உள்ளே விட்டது, வெளியே எடுத்தது, சைக்கிள் டியூப்பை ஒரு கொத்து கொத்திப் பார்த்தது, பிறகு முழு உடம்பும் உள்ளே போய்விட்டது. பேத்தி அட்டைப்பெட்டியை அப்போதுதான் கீழே வைத்தாள்.

இருபத்தாறு நாட்கள்

அதற்குப் பிறகு பெரிதாக எழுத ஒன்றுமில்லை. ஸ்கூட்டர் தெருமுனைக்கு இடம் மாறியது. முதல் வாரம் பூச்சிகள்தான் அதிகம் வந்தன. பிறகு பழம், பழம், பழம். பிள்ளையார் கோவில் அரசு அப்போது பழுத்திருந்தது. ஆல், அரசு வகை மரங்களில் இது ஒரு வசதி: எல்லாம் ஒரே பருவத்தில் பழுப்பதில்லை. ஒவ்வொரு மரமும் தன் கணக்குக்குப் பழுக்கும், அதனதன் குளவி வந்து மகரந்தம் சேர்த்தால்தான் விதை பிடிக்கும். அந்தக் குளவிக்கு வருடம் முழுவதும் எங்காவது காய் வேண்டும். அதனால் பறவைக்கும் வருடம் முழுவதும் எங்காவது பழம் இருக்கிறது. மேலூர் பக்கம் பனையைக் கட்டிப்பிடித்து வளர்ந்திருக்கும் ஆலமரங்களைப் பார்த்திருப்பீர்கள். பனைமட்டைச் சந்தில் அந்த விதையை இட்டது இந்த மாதிரி ஒரு பறவையின் எச்சம்தான். எங்கள் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரிலும் ஒரு கன்று முளைத்திருக்கிறது. வாடகை என்று வைத்துக்கொண்டேன்.

குஞ்சுகளின் எச்சத்தைப் பெற்றோர் அலகில் கவ்விக்கொண்டு போய் வெளியே போட்டன. ஒரு காகம் இரண்டு நாள் வந்து பார்த்தது. ஓட்டை அதன் தலைக்குப் பத்தாது. பதினைந்தாம் நாளிலிருந்து ஓட்டையில் முகங்கள் தெரிந்தன. நெற்றியில் சிவப்பு இல்லாத, சாந்துப் பொட்டு வைக்க மறந்த முகங்கள். ஒரு சமயத்தில் ஒன்று, சில சமயம் முண்டியடித்துக்கொண்டு இரண்டு. மூன்று முகத்தை நான் பார்க்கவில்லை. ஓட்டையில் மூன்றுக்கு இடமில்லை என்று குறிப்பேட்டில் எழுதினேன்.

மரம் வெட்டுகிறவர் இரண்டு முறை சைக்கிளை நிறுத்தி விசாரித்துவிட்டுப் போனார். இப்போதெல்லாம் பட்ட கொம்பு என்றால் அடியில் சிராய் கிடக்கிறதா என்று பார்த்துவிட்டு, கொம்பை ஒரு தட்டுத் தட்டிக் காது வைத்துக் கேட்பதாகச் சொன்னார். தை முதல் ஆனி வரை வீட்டுக்காரர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் தள்ளிப்போடப் பார்க்கிறாராம். கூலி போகிறதே என்றேன். "ஐப்பசியில் வாங்கிக்கொள்கிறேன் சார்" என்றார்.

குஞ்சுகள் பறந்ததை நான் பார்க்கவில்லை. சித்திரைத் திருவிழாவில் மலையிலிருந்து வரும் அழகரை மதுரைக்காரர்கள் எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை நாள் அது. கூடு ஏறி இருபத்தாறாம் நாள்; என் கணிப்புப்படி குஞ்சுகளுக்கு ஏறக்குறைய ஐந்து வாரம். விடியற்காலையிலேயே வீடு நிறைய உறவுக்காரர்களோடு மூன்றுமாவடிக்குப் போய்விட்டோம். அழகர் வருகிறார், தோல்பையிலிருந்து தண்ணீர் பீய்ச்சுகிறார்கள், கொட்டுச் சத்தத்தில் காது அடைக்கிறது. வீடு திரும்பும்போது மணி இரண்டு. ஓட்டை காலியாக இருந்தது. மின்கம்பியில் மங்கிய பச்சையில் இரண்டு குஞ்சுகளும், சிவப்பு நெற்றியோடு ஒன்றும் உட்கார்ந்திருந்தன. மூன்றாவது அரசமரத்தில் இருக்கும் என்று பேத்தியிடம் சொன்னேன்.

ஆடிக் காற்றில்

ஆடியில் ஒரு ராத்திரி கயிறு இற்றுப்போய்த் துண்டு கீழே விழுந்தது. இந்த முறை கீழே எதுவும் இல்லை. காலையில் சைக்கிள் டியூப்பை அவிழ்த்துவிட்டு, பிளவில் உளி கொடுத்து இரண்டாகப் பிரித்தேன். உள்சுவர் கைபட்டுத் தேய்ந்த மரப்பிடி போல வழவழப்பாக இருந்தது. அடியில் மூன்று விரல் கனத்துக்குச் சிராய், வண்டின் இறக்கைத் துண்டுகள், கடுகை விடச் சின்ன அரச விதைகள்.

சிராய்க்கு அடியில் மூன்றாவது குஞ்சு இருந்தது. காய்ந்து, எடையே இல்லாமல், குருத்து முள்ளாக இருந்த அதே பருவத்தில். வலது கால் கணுவுக்கு மேலே ஒடிந்து, கோணலாகத் திரும்பியபடி உலர்ந்திருந்தது. என் விரலைப் பற்றாத குஞ்சு அதுதான்.